வெள்ளிக்கிழமைத் தண்ணீர், சனிக்கிழமை இரைச்சல்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகும். பாதி நாள் லீவு. ஆனால் என் கண்ணைக் கட்டிவிட்டு, முன்னால் ஒரு அம்ப்ளிபயரைப் போட்டு வையுங்கள். அதில் வருகிற இரைச்சல் உள்ளே இருந்து வருகிறதா, மைக் வயரில் இருந்து வருகிறதா, பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் இருந்து வருகிறதா என்று சொல்லிவிடுவேன். இலங்கை மலையகத்தில் டிக்கோயாவில் இருந்து பொகவந்தலாவை வரைக்கும் கோயில் திருவிழாவோ, கல்யாணமோ, சங்கக் கூட்டமோ, தொண்ணூறுகளில் எங்கே லவுட்ஸ்பீக்கர் கத்தினாலும் அது என்னுடையதாகத்தான் இருக்கும். மற்றவர்களும் செட் வைத்திருந்தார்கள். அவர்களுடையது கத்தும். என்னுடையது பேசும்.

அந்த உழைப்பில்தான் டிக்கோயாவில் கீழே கடை, மேலே வீடு என்று இரண்டு தட்டில் கட்டினேன். கடைச் சுவரில் ஒரு போட்டோ தொங்குகிறது. நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், மேடையில் எனக்கு மாலை போட்டபோது எடுத்தது. அன்றைக்குத்தான் அந்த லயங்களுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் முதல் தடவையாகக் கலர் பல்புகள் வரிசையாக எரிந்தன. எரிந்தன என்றால், கொஞ்ச நேரம் அணைந்துபோய்ப் பிறகு எரிந்தன. மின்னல் இறங்கியதால் அணைந்தது என்று அன்றைக்கே ஊருக்குச் சொல்லிவிட்டேன். அதை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் சொல்ல வந்தது என் மனைவியின் காதைப் பற்றி.

அவள் பதினெட்டு வருடம் ஸ்டோரில் வேலை செய்தவள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. காய்ந்த தேயிலையைச் சலிக்கிற மிஷின்கள் காலையில் ஆடத் தொடங்கினால் சாயங்காலம் வரை நிற்காது. அந்த அறையில் பேச்சே கிடையாது. கை, கண், உதடு மட்டும்தான். அங்கிருந்து வெளியே வந்தபோது அவள் காதில் பாதியை அந்த மிஷின்களே வைத்துக்கொண்டுவிட்டன. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துப் பிடித்துக்கொள்வாள். முகத்தைத் திருப்பினால், “கூட்டுங்க” என்பாள். எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட சொல் அதுதான். டிவியைக் கூட்டுங்க, ரேடியோவைக் கூட்டுங்க, உங்க தொண்டையைக் கூட்டுங்க. காதுக்குள் வைக்கிற மெஷினும் வாங்கிக் கொடுத்தேன். பாத்திரம் விழுகிற சத்தத்தையும் அதே அளவு கூட்டித் தருகிறது என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். படித்து லண்டனுக்குப் போய்விட்டாள். டெலிபோனில் உதடு தெரியாதே. ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் மனைவி சொல்வதெல்லாம், “ஆமா… ஆமா… சாப்டியா?” ஒருமுறை மகள் அந்தப் பக்கம், “அம்மா, ஒரு வாரமா காய்ச்சல்” என்று சொல்லியிருக்கிறாள். இவள், “நல்லது, நல்லது, அப்படியே இரு” என்றாள். நான் ரிசீவரை வாங்கியபோது மகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அம்மாவைக் கூப்பிடச் சொல்வது குறைந்துவிட்டது. “அம்மாகிட்ட சொல்லிருங்கப்பா” என்று முடித்துவிடுவாள். என் மனைவி பக்கத்தில் நின்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் சொன்னதை நான் சொல்வேன். அது என் குரல்தானே.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். மகள் தைப்பொங்கலுக்கு வந்தவள் ஒரு கம்பியூட்டர் வாங்கி மேல்மாடியில் வைத்தாள். டெலிபோன் லைனிலேயே இன்டர்நெட் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்து, விளக்கு மின்னுகிற ஒரு சின்னப் பெட்டியையும் பொருத்த வைத்தாள். அதற்குப் பெயர் ரூட்டர். கம்பியூட்டர் திரையில் மஞ்சள் நட்சத்திரம் ஒன்றை வைத்து, அதைத் தட்டினால் லண்டனில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற ஒரு தமிழ் ரேடியோ வரும் என்றாள். இன்டர்நெட்டில் மட்டும் கேட்கிற ரேடியோ. அங்கே ஒரு அம்மா குழந்தை பெறப் போகிறாராம். அவருடைய அரைமணி நேர நிகழ்ச்சியை எட்டு சனிக்கிழமைகளுக்கு இவள் செய்யப் போகிறாளாம். நம்முடைய நேரத்துக்கு மாலை ஐந்தரை.

“அப்பாகிட்ட பெரிய அம்ப்ளிபயர் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு” என்றாள் மகள். “நான் அங்க மைக்குல பேசுறேன். அம்மா இங்க உக்காந்து கேக்கட்டும். எட்டு வாரம் நான் அம்மாவோட பேசுறேன்.”

என் மனைவி அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “செய்வீங்களா?” என்றாள்.

என்னிடமா அந்தக் கேள்வி?

மகள் விமானம் ஏறியதும் வேலையைத் தொடங்கினேன். கடையில் இருந்த அம்ப்ளிபயர்களில் நல்லதை, என் கையால் செய்ததை, மேலே ஏற்றினேன். எந்த இடத்தில் செட் போட்டாலும் நான் முதலில் செய்வது எர்த் கம்பி அடிப்பதுதான். நாலடிக் கம்பியை மண்ணில் இறக்கி, உப்பும் கரியும் போட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சுவிட்சில் கை வைப்பேன். அதனால்தான் என் மைக்கைப் பிடித்த ஒரு பாடகருக்கும் இதுவரை உதட்டில் ஷாக் அடித்ததில்லை. வீட்டுக்கு ஏற்கெனவே முன்பக்கம் எர்த் இருந்தது. ஆனாலும் மகளின் குரல் வரப்போகிறதே என்று அம்ப்ளிபயருக்கென்று தனியாகக் குசினிக்குப் பின்னால், கூரை இறக்கத்துக்குக் கீழே இன்னொரு கம்பி அடித்தேன். ராஜ எர்த். என் மனைவி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். ஸ்டோரில் மிஷினுக்கே ரோதை முனி என்று சாமி உண்டு. அவரைக் கும்பிடாமல் சக்கரம் சுற்றாது. அந்தப் பழக்கம்.

முதல் சனிக்கிழமை ஐந்தரைக்கு நட்சத்திரத்தைத் தட்டினேன். மகளின் குரல் வந்தது. மூன்று சொல் வந்து அறுந்தது. மறுபடி இரண்டு சொல் வந்தது. நடுவில் கறமுறவென்று ஒரு சத்தம். இது எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்டு உட்கார்ந்து “ங்ங்ங்” என்று முனகியது. எனக்கு அதைத் தாண்டிப் பேச்சு புரிந்தது. அரைமணி நேரம் முடிந்ததும் மனைவியைப் பார்த்தேன்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க. நல்லா கேட்டுச்சு.”

“என்ன சொன்னா?”

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். “சிரிச்சா.”

“அவ ஒரு தடவகூட சிரிக்கலயே புள்ள.”

அவள் எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குத் தந்தபோது சொன்னாள்: “தேன்கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்குங்க. பூச்சிதான் கேக்குது. புள்ளயக் காணோம்.”

எட்டில் ஒன்று போய்விட்டது.

இரண்டாவது வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முட்டாள்தனம் என்று இப்போதுதான் சொல்கிறேன். இன்னொரு ஸ்பீக்கரைச் சேர்த்துச் சத்தத்தைக் கூட்டினேன். மகளும் கூடினாள், வண்டும் கூடியது. தெருவில் இரண்டு நாய்கள் ஊளையிட்டன. என் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, “கூட்டுங்கன்னா நீங்க பூச்சியவும் சேத்துல்ல கூட்டுறீங்க!” என்றாள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பக்கத்து வீட்டுச் சேர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஹட்டனில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் எங்கள் குளிரிலேயே தங்கிவிட்டவர். எல்லோரும் அவரைச் சேர் என்போம், மற்ற ஊரில் சார் என்பார்களே அதுதான். என்னை அவர் முதலாளி என்பார். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

“என்ன முதலாளி, மேல்மாடியிலை தேனீ வளர்க்கிறியளோ?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

“சேர், நீங்க வகுப்புல படிச்சீங்க. நான் ஷாக் அடிச்சுப் படிச்சேன். இத நான் பாத்துக்கிறேன்.”

“நல்லது. உந்தத் தேனீயை நீங்கள் கலைச்சுப்போட்டால், பிறகு நான் உங்களைச் சேர் எண்டு கூப்பிடுறன். கலைக்காட்டில் நீங்கள் என்ரை கோட்டைப் படிக்கவேணும்.”

“சரி. பேச்சு மாறக் கூடாது.”

முதலில் குரல் அறுந்து அறுந்து வருவதைப் பிடித்தேன். எப்படித் தெரியுமா? ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, டெலிபோன் வயர் போகிற வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கரண்ட் இரைச்சல் எங்கே இருக்கிறதோ அங்கே ரேடியோ கத்தும். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். கடையில் கத்தவில்லை. கதவருகில் கத்தவில்லை. மாடிப்படிச் சுவருக்கு வந்ததும் சட்டி வறுக்கிற மாதிரி கத்தியது.

அந்தச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். அதில் நான் அடித்திருந்த மரப் பட்டை, நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போகும். வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்படுவேன். அழகு கெடக் கூடாதென்று கரண்ட் வயரையும் டெலிபோன் வயரையும் ஒரே பட்டைக்குள் போட்டு மூடியிருந்தேன். கீழிருந்து மேல்வரை இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன.

“வடிவான வேலை, முதலாளி” என்றார் சேர். “கலியாணம் கட்டி வைச்ச மாதிரி.”

அன்றைக்கே பட்டையை உடைத்து, டெலிபோன் வயரைத் தனியாகப் பிரித்து, ஜன்னல் பக்கமாக மேலே கொண்டுபோனேன். அது கோணல் மாணலாகத்தான் போனது. பரவாயில்லை. கீழ்க்கடை டெலிபோனுக்குப் போட வேண்டிய சின்ன வடிகட்டிப் பெட்டி ஒன்று, மகள் வைத்த இடத்திலேயே உறையோடு கிடந்தது. அதையும் மாட்டினேன். குரல் அறுவது முக்கால்வாசி நின்றது.

அப்புறம் ரேடியோவை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடப்டர் காக்காய்க் கூட்டம் மாதிரி கத்தியது. என் தொழிலில் பேட்டரிக்குப் பஞ்சமா? அடப்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்கு வேண்டிய அதே பன்னிரண்டு வோல்ட்டை லவுட்ஸ்பீக்கர் பேட்டரியில் இருந்து கொடுத்தேன். செத்துப்போன ஒரு கம்பியூட்டர் திரையின் வயரில் குண்டாக ஒரு கறுப்பு வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை உடைத்தெடுத்து, ரூட்டருக்குப் போகிற வயரை அதில் ஐந்து சுற்று சுற்றினேன். மாலையில் பற்ற வைக்கிற டியூப் லைட்டுக்குப் பதிலாகக் குண்டு பல்பு போட்டேன். சேரின் கைத்தொலைபேசி மணியடிப்பதற்கு முன்னால் ஸ்பீக்கரில் “டிக் டிடிக் டிடிக்” என்று தாளம் போடும். அதனால் அவர் மேலே வரும்போதெல்லாம் அதைக் கீழே கடையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிட்டு வரவேண்டும் என்று சட்டம் போட்டேன்.

இதெல்லாம் முடிய ஐந்து சனிக்கிழமை போய்விட்டது. கறமுற போனது. அறுவது போனது. குரல் ஆறு மாதிரி ஓடியது. ஆனால் அந்த ஆற்றுக்கு அடியில் வண்டு மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. “ங்ங்ங்.” என் மனைவியின் காதுக்கு அது ஒன்றே போதும். சலிக்கிற மிஷினின் சத்தமும் அதே சுருதிதான் என்றாள். பதினெட்டு வருடம் கேட்டது திரும்பவும் வந்து மகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டதாம்.

அதிலும் ஒரு அநியாயம் என்னவென்றால், திங்களும் செவ்வாயும் நான் சோதித்துப் பார்க்கும்போது வண்டு சின்னதாக இருக்கும். புதனும் வியாழனும் இன்னும் சின்னதாகும். சனிக்கிழமை ஐந்தரைக்கு அது எருமை மாதிரி நிற்கும்.

“சனியன் பிடிச்ச கரண்ட் போலை” என்றார் சேர். “சனிக்கிழமைக்கெண்டு விசேஷமாய் வருகுது.”

“ஸ்டோர்ல சனிக்கிழம மிஷின் கூட ஓடும் சேர். அதுதான்.”

“அப்ப ஞாயிறு ஸ்டோர் பூட்டு. ஞாயிறும் இரையுதே?”

அம்ப்ளிபயரைக் கழற்றி மாட்டினேன். டிரான்ஸ்போமரைத் திருப்பி வைத்தேன். கம்பியூட்டரில் இருந்து அம்ப்ளிபயருக்கு வருகிற வயரை மூன்று தடவை மாற்றினேன். அந்த வயரைப் பிடுங்கினால் வண்டு செத்துவிடும், மாட்டினால் பிழைத்துவிடும். சேர் அதைப் பார்த்துத் தாளில் ஒரு வட்டம் போட்டு, “இஞ்சை ஒரு சுத்து இருக்கவேணும் முதலாளி. கரண்ட் எங்கையோ சுத்திக்கொண்டு வருகுது” என்றார். வட்டத்தைச் சும்மா பார்த்தேன். படிக்கவில்லை. படித்தால் தோற்றுவிடுவேனே.

ஆறு போனது. ஏழும் போனது. ஏழாவது சனிக்கிழமை என் மனைவி வந்து உட்காரவே இல்லை. கீழே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

“நீங்களே கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

அந்தச் சொல் எனக்கு ஷாக் அடித்த மாதிரி இருந்தது. பழைய கதைதான். அது என் குரல்தானே.

எட்டாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை. அது மாசி மாத வெயில் காலம். மூன்று வாரமாக ஒரு துளி மழை இல்லை. விடிகாலைப் பனியைத் தவிர மண்ணில் ஈரமே கிடையாது. மேலே ரேடியோவைப் பாட விட்டு, அம்ப்ளிபயருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். வண்டு மெல்லத்தான் முனகிக்கொண்டிருந்தது. திடீரென்று, யாரோ குமிழைத் திருகின மாதிரி, “ங்ங்ங்” என்று எழும்பியது. நான் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் கொஞ்சம் எழும்பியது.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். குசினிக்குப் பின்னால், தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு என் மனைவி நின்று, ராஜ எர்த்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு செம்பு ஊற்றிவிட்டாள். இரண்டாவது செம்பும் முடிந்துவிட்டது. கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டு, மூன்றாவதைச் சாய்த்தாள். எனக்குப் பின்னால் வண்டு எருமையானது.

நான் படிகளில் இறங்கவில்லை, விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

“புள்ள! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊத்துறியா?”

அவள் என் உதட்டைப் பார்த்தாள். “நீங்கதானே சொன்னீங்க, எர்த்து காயக் கூடாதுன்னு? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஊத்தி வேண்டிக்கிறேன். நாளைக்காவது புள்ள கொரலு கேக்கட்டும்னு.”

அவள் வேண்டிக்கொண்டது வண்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் கம்பி குளிர்ந்து மண்ணோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை ஈரம் ஊறி நிற்கும். வியாழனுக்குள் காய்ந்துவிடும். கம்பியூட்டருக்கு முன்பக்கத்து எர்த். அம்ப்ளிபயருக்குப் பின்பக்கத்து எர்த். நடுவில் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்திருக்கிறேன். கரண்ட் ஒரு மண்ணில் இறங்கி, மறு மண்ணில் ஏறி, அந்த வயருக்குள்ளேயே கோயில் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எர்த் நன்றாக வேலை செய்யச் செய்ய வண்டு கொழுத்திருக்கிறது. திருவிழாவில் ஏன் இது வரவில்லை? அங்கே எல்லாச் சாமானுக்கும் ஒரே கம்பி. இங்கே மகளுக்கென்று மரியாதை கூடிப்போய் இரண்டு.

சேரின் வட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் வட்டத்தில் இருந்து நான் கண்டுபிடிக்கவில்லை. காதால் கண்டுபிடித்தேன். இதைப் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கம்பியைப் பிடுங்கக் கையை வைத்தேன். என் மனைவி செம்போடு குறுக்கே வந்துவிட்டாள்.

“சாமியப் புடுங்குவீங்களா?”

“இது சாமி இல்ல புள்ள, ரெண்டாவது எர்த்து.”

“எட்டு வாரமா வெளக்கு வச்சிருக்கேன். கையெடுங்க.”

அவளோடு வாதாட முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. கடைசியில் ஒரு உடன்பாடு. கம்பி மண்ணிலேயே இருக்கட்டும், மஞ்சளும் குங்குமமும் இருக்கட்டும், வயரை மட்டும் நான் கழற்றிக்கொள்கிறேன். “வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வர வேணாம், பென்சன்ல இருக்கட்டும்” என்றேன். அதற்குச் சிரித்தாள். வயரைக் கழற்றினேன். அம்ப்ளிபயருக்கு மூன்று முள் பிளக் போட்டு, கம்பியூட்டர் மாட்டியிருந்த அதே பலகையில் மாட்டினேன். இப்போது இரண்டுக்கும் ஒரே மண். சுவிட்சைத் தட்டினேன்.

ஒன்றுமில்லை. வேலை செய்யவில்லையோ என்று ஸ்பீக்கரின் மேல் காதை வைத்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு அமைதி வருமே, அது வந்தது. ஹட்டன் மலையில் பனி இறங்குகிற மாதிரி.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே சேரைக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். பிஸ்கட் டின்னில் போனைப் போட்டுவிட்டுத்தான் ஏறினார். என் மனைவியை ஸ்பீக்கருக்கு நேராகக் கதிரை போட்டு இருத்தினேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் புதுச் சேலை கட்டியிருந்தாள். ஐந்தரைக்கு நட்சத்திரத்தைத் தட்டினேன்.

“வணக்கம்” என்றாள் மகள்.

என் மனைவி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாக, மகள் வாசலில் வந்து நிற்கிறாள் என்றே நினைத்துவிட்டாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். உதடு இல்லாத அந்தக் கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, “தொண்ட கட்டியிருக்கு” என்றாள். “ஏங்க, புள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு.”

கட்டியிருந்தது. நானே அதைக் கவனித்திருக்கவில்லை.

சேர் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மகள் சொல்கிறாள்:

“இன்னைக்கு எனக்குக் கடைசி நிகழ்ச்சி. அதனால எங்க அப்பாவப் பத்தி ஒரு கதை சொல்லப் போறேன்.”

கேளுங்கள் என்பது போல நான் சேருக்குக் கையைக் காட்டினேன்.

“எங்க தோட்டத்துத் திருவிழாவுல அப்பாதான் மொதல் மொதலா கலர் பல்பு போட்டாரு. அன்னைக்குத் தோட்டமே இருண்டு போச்சு. தொரை பங்களாவும் சேத்து. மின்னல் எறங்கிருச்சுன்னு அப்பா இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காரு. வானத்துல ஒரு மேகம்கூட இல்ல. மேடையில மாலை போடப் போறாங்கன்னு தெரிஞ்சதும், அப்பா அதே லைன்ல அயன் பொக்ஸ மாட்டி வெள்ளச் சட்டைய அயன் பண்ணினாரு. ஒரு கை முடிஞ்சது. அடுத்த கைய வச்சாரு, டப்புன்னு போயிருச்சு. அம்மாதான் டோர்ச் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அம்மாதான் எனக்குச் சொன்னாங்க.”

என் கை தானாகவே குமிழை நோக்கிப் போனது. கொஞ்சம் குறைத்தால் போதும், சேருக்கு வயதாகிவிட்டது, கேட்காது.

“கைய வைக்காதீங்க” என்றாள் என் மனைவி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு நல்லா கேக்குது.”

அவள் சிரித்த சிரிப்பைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. கண்ணில் தண்ணீர் வழிய, தொடையில் அடித்துக்கொண்டு, மகள் ஒரு வரி சொன்னால் இவள் அதற்கு அடுத்த வரியைச் சொல்கிறாள். “ஆமா, அந்தச் சட்டதான்!” “நெருப்பு வாசம் வந்துச்சே, அதச் சொல்லு!” என்று ஸ்பீக்கரோடு வாயாடுகிறாள். எட்டு வாரம் பேசாத பேச்சை அரைமணி நேரத்தில் பேசித் தீர்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் சேர் எழுந்து படியிறங்கிப் போனார். போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழே கடையில் இருந்து அவர் குரல் வந்தது. அந்த போட்டோவுக்கு முன்னால் நின்றுதான் கத்தியிருக்கிறார்.

“ஓம் சேர்! இடது கை கசங்கித்தான் கிடக்கு, சேர்!”

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஒரே வாயில் இரண்டு தடவை ‘சேர்’.

“கீழேருந்து வாத்தியாரு என்ன சொல்றாரு?” என்று என் மனைவி கேட்டாள். படிக்கட்டுக் குரல் அவளுக்கு எட்டாது.

மேசைக்குக் கீழே ஒரு மைக் கிடந்தது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் மைக் கட்டின எனக்கு, என் வீட்டுக்குள் ஒன்று கட்டவேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை. எடுத்து அம்ப்ளிபயரில் சொருகினேன். அவளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மேடைப் பழக்கத்தில் குரலை உயர்த்திச் சொன்னேன்:

“இடது கை கசங்கியிருக்குதாம்!”

“கத்தாதீங்க” என்றாள் பின்னால் இருந்து. “கேக்குது.”